கூடுதல் ஹாரன் பொருத்தப்பட்டிருந்தது

கீழ் போல்ட் கழன்றுவிட்டது, மேல் போல்ட் அசையவில்லை. சென்னியப்பன் துரு ஏறிய அதன் தலையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு, இறங்கட்டும் என்று வண்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். அவசரப்பட்டால் தலை நைந்து போகும், நைந்தால் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும், துளை போடும் மிஷின் ஷோரூமில் இருக்கிறது, அதை எடுக்கப் போனால் திரும்பி வருவேனா என்று நினைத்தான், நினைத்த உடனே அது போல்ட்டைப் பற்றிய நினைப்பு இல்லை என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மூலனூர் சாலையில் நாச்சிமுத்து அண்ணனின் வீட்டு வாசல். தகரக் கூரைக்குக் கீழே எட்டு மாதமாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த அவருடைய பைக். தார்ப்பாயை இழுத்தபோது உள்ளிருந்து இரண்டு பல்லிகள் ஓடின. வண்டிக்கு அந்தப் பக்கம் முக்காலியில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார், ஐம்பது தாண்டியவர், ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர், ஊசிக்கான குளிர்க்குடுவையை இப்போது சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போகிறார், தூரத்துத் தோட்டங்களிலிருந்து கூப்பிடுவதையே விட்டுவிட்டார்களாம். அதைச் சொன்னது அவர் மனைவி ருக்மணியக்கா, போன வாரம் போனில். "உங்க ஷோரூம் சாமான் கவுண்டர்ல கேட்டமுங்க தம்பி, அந்த சாமான் கம்பெனில இருந்து வர மூணு மாசம் ஆகும்னாங்க. போன தடவையும் அதைத்தான் சொன்னாங்க. நீங்களா ஏதாச்சும் வழி பண்ணி வண்டிய ஓட வெச்சுக் குடுங்க." நீங்களா என்று அக்கா சொன்ன விதத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது, அந்த நம்பிக்கைதான் ஒரு வாரமாக அவன் சோற்றில் கல்லாகக் கடிபட்டுக்கொண்டே இருந்தது. வந்துவிட்டான். பையில் புது பேட்டரி இருக்கிறது, கோயமுத்தூரில் தேடி வாங்கிய வேறு கம்பெனி யூனிட் இருக்கிறது, வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த அலுமினியத் தகடு இருக்கிறது. வாயில் மட்டும் எதுவும் இல்லை.

எண்ணெய் இறங்கியிருக்கும். ஸ்பேனரை மாட்டி உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினான், கறுக்கென்று சத்தம், போல்ட் வந்துவிட்டது, பழைய யூனிட்டும் கையோடு வந்தது. சோப்புக் கட்டி அளவு, கறுப்பாக, விலா எலும்பு மாதிரி வரிவரியாக, கையில் வைத்தால் ஒரு கனமும் இல்லை. எஞ்சினில் ஊறும் மின்சாரம் ஒரே சீராக இருக்காது, கூடும் குறையும், அதை மட்டுப்படுத்தி பேட்டரிக்கு அனுப்ப வேண்டியது யூனிட் என்கிற இந்தக் கட்டி. இதைக் கொண்டுபோய் எஞ்சினுக்குப் பின்னால், காற்றே புகாத சந்தில் கம்பெனிக்காரன் எவனோ வைத்தான், சூட்டிலேயே இது வெந்து போகும், வெந்து போனால் பேட்டரிக்கு எதுவும் வராது, இருக்கிறதைத் தின்று தீர்த்துவிட்டு வண்டி நடுரோட்டில் நிற்கும், விளக்கும் எஞ்சினும் ஒரே நொடியில். வெந்து போனதை எடுத்துவிட்டுக் கம்பெனியிலிருந்து புதுசு வாங்கிப் போட்டாலும் அதே சந்து, அதே சூடு. ஷோரூமில் சர்வீஸ் இன்சார்ஜாக இருக்கிற சென்னியப்பனுக்கு இது தெரிய ஒரு வருஷம்கூடத் தேவைப்படவில்லை. வெளியே மரத்தடியில் கடை போட்டிருக்கிற மெக்கானிக்குகளுக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்திருந்தது, வேறு வண்டியின் யூனிட்டை வாங்கி, முன்பக்கம் ஹெட்லைட்டுக்குக் கீழே காற்று அடிக்கிற இடத்தில் மாட்டி, வயரை நீட்டி ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அப்படி மாட்டிய வண்டி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஷோரூமுக்குள் அதைச் செய்யக் கூடாது. "இத பாருங்க தம்பி, இத்தனூண்டு சாமானா?" என்று நாச்சிமுத்து கையை நீட்டினார், வாங்கிப் புரட்டிப் பார்த்தார், "இதைப் போயி நான் கெடுத்துப்போட்டேன்" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், பால் காய்ச்சும்போது பொங்கவிட்டுவிட்டேன் என்பதுபோல. சென்னியப்பன் குனிந்து பையில் கட்டரைத் தேடினான், கட்டர் மேலாகவே இருந்தது, இருந்தாலும் கொஞ்ச நேரம் தேடினான்.

கட்டரால் பழைய சாக்கெட்டை வெட்டினான். புது யூனிட்டின் சாக்கெட் வேறு மாதிரி, சேராது, வெட்டி முறுக்கி ஈயம் உருக்கிச் சாலிடர் வைக்க வேண்டும். மூன்று மஞ்சள் வயர், ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. மஞ்சளில் எதை எதோடு சேர்த்தாலும் தப்பில்லை, சிவப்பும் கறுப்பும் மாறினால் போயிற்று. மஞ்சளில் எதை எதோடு சேர்த்தாலும் தப்பில்லை என்று மறுபடி மனசுக்குள் சொன்னான், தப்பில்லை தப்பில்லை என்று கை வேலை செய்தது, மனசு அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் போய்விட்டது. மூன்றாவது தடவையாக நாச்சிமுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நாள். முதல் தடவை பேட்டரியை சார்ஜ் ஏற்றி அனுப்பினார்கள், இரண்டாம் தடவை ஃபியூஸ் மாற்றினார்கள், மூன்றாம் தடவை அவனே மீட்டர் வைத்துப் பார்த்தான், சார்ஜ் ஏறவே இல்லை, யூனிட்டில் விரல் வைக்க முடியவில்லை. ஏரியா மேனேஜருக்குப் போன் போட்டான். மேனேஜர் கோபிக்கவில்லை, மிரட்டவில்லை, எப்போதும்போல மெல்லிய குரலில், "அடிஷனலா ஏதாவது மாட்டியிருக்காங்களான்னு பாருங்க சென்னியப்பன். எல்லா வண்டியிலயும் ஏதாவது ஒண்ணு இருக்கும்" என்றார். இருந்தது. காற்றாலை இறக்கைகளை ஏற்றிக்கொண்டு நீள நீளமான லாரிகள் போகிற சாலை இது, அந்த டிரைவர்களுக்குக் காது கேட்கட்டும் என்று நாச்சிமுத்து ஒரு ஹாரன் மாட்டியிருந்தார். அமுக்கினால் மட்டும் பேட்டரியில் இருந்து ஒரு மிடறு கரண்டு குடிக்கும், அமுக்காதபோது வெறும் தகரம், யூனிட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஜாப் கார்டில் எழுதினான். கூடுதல் ஹாரன் பொருத்தப்பட்டிருந்தது, அதனால் பழுது, வாரண்டி பொருந்தாது. கீழே கையெழுத்து. அப்போது எதுவும் தோன்றவில்லை, அதுதான் இப்போது தாங்கமுடியவில்லை, கை நடுங்கியிருந்தால்கூட இன்றைக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும், இல்லை, பேனா நன்றாக எழுதியது, அடுத்த வண்டிக்காரர் காத்திருந்தார், அவன் டீ குடித்திருக்கவில்லை. நாச்சிமுத்து கார்டைப் படித்துவிட்டு, "அந்த ஹாரனாலயா தம்பி?" என்று கேட்டார். கோபமே இல்லை, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் கேட்பதுபோல. "ஆமாங்ண்ணா, அதுதான் லோடு இழுக்குது. கழட்டிருங்க" என்றான், பேட்டரியை மட்டும் மறுபடி சார்ஜ் ஏற்றி வண்டியை அனுப்பிவிட்டான். எழுதியதைக்கூட மேனேஜர் தலையில் போடலாம். அந்த 'ஆமாங்ண்ணா'வை யார் தலையில் போடுவது?

சாலிடரை சூடாக்கினான். புகை மூக்கில் ஏறியது, அந்த வாசனை அவனுக்கு எப்போதும் பிடிக்கும், இன்றைக்கு ஆஸ்பத்திரி வாசனையாக இருந்தது. அந்தச் செவ்வாய்க்கு ஒன்பதாம் நாள் அது. கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டு பேரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள், பொழுது இறங்குகிற நேரம், விளக்குப் போட்டதும் பேட்டரி இன்னும் வேகமாகத் தீர்ந்திருக்கும், ஓடைப் பாலத்துக்கு முன்னால் விளக்கும் எஞ்சினும் ஒன்றாகப் போயின, வண்டி நின்றதும் பின்னால் வந்த டெம்போ ஒதுங்க முயன்றும் தட்டிவிட்டது. நாச்சிமுத்துவுக்கு முழங்கை சிராய்ப்பு. ருக்மணியக்காவுக்கு வலது முழங்கால். விபத்து நடந்த மூன்றாம் நாள் சென்னியப்பன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தான், போகாமல் இருந்தால் தெரிந்துவிடும் என்று போனான், யாருக்கு என்ன தெரிந்துவிடும் என்று இப்போதுகூட விளங்கவில்லை. ஆஸ்பத்திரி நடையில் நாச்சிமுத்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க அன்னிக்கே சொன்னீங்க தம்பி, கழட்டிருங்கன்னு. நாந்தான் நாளைக்கு நாளைக்குன்னு இருந்துட்டேன்." அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நர்ஸ் வந்தாள், மருந்துச் சீட்டைக் கொடுத்தாள், நாச்சிமுத்து மருந்து வாங்க ஓடினார், சொல்ல முடியவில்லை. நர்ஸ் வராமல் இருந்தால் சொல்லியிருப்பேனா? இல்லை. சரி, நர்ஸ் வந்தாள் என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொட்டு சாலிடர் அவன் கட்டைவிரலில் விழுந்தது. "பாத்துங்க தம்பி" என்றார் நாச்சிமுத்து, எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து விரலில் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே வீட்டுக்குள் காது வைத்தார். உள்ளே தையல் மிஷின் ஓடியது, நின்றது, ஓடியது. "மோட்டார் வெச்சுக் குடுத்திருக்கறனுங்க. மிதிக்க முடியறதில்லை. மோட்டார்ல தச்சா துணி கைக்குள்ள நிக்கறதில்லைங்கறா. என்ன பண்றது, நான் செஞ்சது." செம்பைத் தரையில் வைத்துவிட்டு, "ஒரு வார்த்தை என்னைத் திட்டுனதில்லைங்க. திட்டுனாலாவது பரவாயில்லை. அவ நொண்டி நடக்கறப்ப நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன். நாம்பளே ஒடச்சதை எப்புடிங்க பாக்கறது?" என்றார். சென்னியப்பன் விரலை உதறினான்.

யூனிட்டைத் தகட்டில் பூட்டி ஹெட்லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தான், பட்டறைக்காரன் துளையைச் சரியாகப் போட்டிருந்தான், பொருந்தியது. இதோ பொருந்திவிட்டது, இனி இந்த வண்டி நிற்காது, அண்ணன் மறுபடி குடுவையைக் கட்டிக்கொண்டு குண்டடம் வரைக்கும் போவார், மாடுகள் சினையாகும், எல்லாம் பழையபடி ஆகும், பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் அக்காவின் முழங்கால் நேராகிவிடுமா? நேராகாது. அண்ணனே மறக்கப் பார்க்கிற ஒன்றை நான் எதற்குக் கிளற வேண்டும்? மறக்கப் பார்க்கிறாரா? முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பெண்டாட்டி நடந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். அக்கா அதை என்னவென்று நினைப்பாள், என் கால் இப்படி ஆனதால் என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றுதானே? மனசு அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது, வண்டி சுவரில் முட்டிக்கொண்டும் டயர் சுற்றுவது மாதிரி அங்கேயே சுற்றியது. சொன்னால் வேலை போகும். போனால் என்ன, மரத்தடியில் கடை போடலாம், நாற்பத்து நான்கு வயதில் மரத்தடியா, ஊரில் என்ன சொல்வார்கள், என்ன சொல்வார்கள் என்றால் உண்மையைச் சொல்வார்கள், பொய் எழுதிக் கொடுத்தவன் என்பார்கள். கம்பெனிக்கு அவன் எழுதாமல் இல்லை. மூன்று மெயில் அனுப்பினான், இந்த யூனிட் இந்த இடத்தில் தாங்காது, படம் எடுத்து இணைத்திருக்கிறேன் என்று. குறித்துக்கொண்டோம் என்று முதலாவதற்குப் பதில் வந்தது, மற்ற இரண்டுக்கும் வரவில்லை. அந்த மூன்று மெயிலையும் போனில் வைத்திருக்கிறான், அவ்வப்போது எடுத்துப் படிப்பான், யாராவது கேட்டால் காட்டலாம் என்று, யாரும் கேட்டதில்லை. மெயிலில் ஹாரனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மூன்றையும் அனுப்பியது விபத்துக்குப் பிறகு. அதுவும் அவனுக்குத் தெரியும்.

பேட்டரியை மாட்டினான். சாவியைத் திருப்பியதும் மீட்டர் முகப்பு எரிந்தது. முதல் தடவை முக்கி அடங்கியது, இரண்டாவது தடவை எஞ்சின் பிடித்தது, எட்டு மாதப் புகையைக் கக்கிவிட்டுச் சீராக ஓடியது. உள்ளே தையல் மிஷின் நின்றுவிட்டது. பேட்டரி முனைகளில் மீட்டர் கம்பிகளை வைத்தான், பதினாலு புள்ளி இரண்டு வோல்ட், சார்ஜ் ஏறுகிறது, ஆக்ஸிலேட்டரைத் திருகினாலும் பதினாலு புள்ளி இரண்டு, அசையவில்லை. பத்து நிமிஷம் ஓடவிட்டு யூனிட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான், வெதுவெதுப்பு, கன்றுக்குட்டியின் நெற்றி மாதிரி. இதை அன்றைக்கே செய்திருக்கலாம். ஷோரூம் மூடிய பிறகு, இல்லை ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே வாசலில், ஒரு மணி நேர வேலை, இந்த ஒரு மணி நேரத்தை அவன் அன்றைக்குக் கொடுக்கவில்லை. "ஏறிப் பாருங்கண்ணா" என்றான். நாச்சிமுத்து ஏறவில்லை. இரண்டு கையையும் வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார். "நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு நிறுத்துங்க தம்பி. அவ சொன்னான்னுதான் நான் சரீன்னேன். இதை வேற யாருக்காச்சும் குடுத்தர்றேன். எனக்குக் கை வராது. ஒரு அற்பத் தகரத்தை ஆசைப்பட்டு மாட்டி ஒருத்தி காலை வாங்கிப்போட்டேன், இனி இந்த ஹேண்டிலைப் புடிக்க எனக்கு யோக்கியதை இல்லைங்க." அப்போது சென்னியப்பன் எஞ்சினை நிறுத்தினான். நிறுத்தியபோது சொல்லப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது, திடீரென்று வந்த அமைதியில் வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். "அண்ணா, அது ஹாரனால ஆகலீங்க."

நாச்சிமுத்து சிரித்தார். "உடுங்க தம்பி." "மெய்யாலுமேதானுங்க. இந்த வண்டியில எல்லாத்துலயும் இந்த யூனிட் போகுது. ஹாரனே இல்லாத வண்டியிலயும் போகுது. எனக்கு அன்னிக்கே தெரியும்." நாச்சிமுத்து கிட்டே வந்து அவன் தோளில் கை வைத்தார், "என்ற மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க. ஞாயித்துக்கெழம ஊட்டுல இருக்காம இங்க வந்து கையச் சுட்டுக்கிட்டு, இதையும் சொல்றீங்க. உங்களுக்கு நல்ல மனசு தம்பி" என்றார். இதை சென்னியப்பன் எதிர்பார்க்கவே இல்லை. அடிப்பார் என்று நினைத்திருந்தான், வெளியே போ என்பார் என்று நினைத்திருந்தான், ராத்திரிகளில் அந்த அடியை வாங்கிக்கூடப் பார்த்திருந்தான். நல்ல மனசு என்பார் என்று நினைக்கவில்லை. தோளில் அந்தக் கை சுட்டது. "கம்பெனிக் காயிதத்துலயே போட்டிருந்துதுங்களே, கூடுதல் ஹாரன்னு. சும்மா எழுதுவாங்களா?" "அந்தக் காயிதத்த எழுதுனது நானுங்கண்ணா." "நீங்க எழுதுனீங்க, சரி. கம்பெனி சொல்லித்தானே?" இங்கே ஒரு கதவு திறந்தது, அகலமாக, ஆமாங்ண்ணா கம்பெனி சொல்லித்தான் என்று சொன்னால் அதில் பாதி உண்மை, அந்தப் பாதி உண்மையில் ஏறி உட்கார்ந்து ஆயுசுக்கும் போய்விடலாம். அந்த ஆமாங்ண்ணா நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மேனேஜருக்கு அந்த ஹாரன் கண்ணில் பட்டதே இல்லை, கண்டுபிடித்தது இவன், கேட்டதும் ஆமாம் என்றது இவன். "எனக்கு ஒரு தாள் குடுங்க" என்றான், "எழுதித் தர்றேன்." தாள் அவன் முன்னால் நீண்டது. ருக்மணியக்கா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாக நின்றாளோ, ரவிக்கை அளவு எழுதும் நோட்டிலிருந்து கிழித்த தாள், கூடவே பேனா.

வண்டி சீட்டின் மேல் வைத்து எழுதினான். இந்த வண்டி நின்றதற்குக் காரணம் கம்பெனி வைத்த யூனிட். திரு. நாச்சிமுத்து மாட்டிய ஹாரனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இது தெரிந்தும் ஹாரன்தான் காரணம் என்று நான் ஜாப் கார்டில் பொய் எழுதினேன். அவர் நேரில் கேட்டபோதும் பொய் சொன்னேன். இந்த விபத்தில் அவர் தப்பு எதுவும் இல்லை. பெயர், தேதி. இந்தத் தடவை எழுத்து கோணிக்கொண்டு போனது. நாச்சிமுத்து கண்ணாடி இல்லை என்று வாங்க மறுத்தார், கண்ணாடி அவர் சட்டைப்பையில் இருந்தது. அக்கா வாங்கி, நிறுத்தி நிறுத்தி உரக்கப் படித்தாள். 'தப்பு எதுவும் இல்லை' என்ற இடத்துக்கு வந்ததும் அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தாள். நாச்சிமுத்து மெல்ல முக்காலியில் உட்கார்ந்தார். முகம் கோபத்துக்கும் போகவில்லை, அழுகைக்கும் போகவில்லை, தவறான ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்பவரைப்போல வெறுமனே வாசலைப் பார்த்தார். பிறகு எழுந்தார், சென்னியப்பன் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார், அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வண்டியில் ஏறினார், கிளப்பினார், வாசல் சரிவில் ஒரு தடவை தடுமாறி, சாலையில் திரும்பிப் போனார்.

சத்தம் மெலிந்துகொண்டே போனது. சிவப்பும் கறுப்பும் சரியாகத்தான் சேர்த்தேனா, சேர்த்தேன், மீட்டர் காட்டியதே, சாலிடர் விட்டுவிட்டால், விடாது, விட்டுவிட்டால் என்று அவன் சாலையைப் பார்த்தபடியே நின்றான். சத்தம் கேட்கவே இல்லை. "என்ற காலைப் பாக்கப் புடிக்காம மூஞ்சியத் திருப்பறாருன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் ருக்மணியக்கா, அவனிடம் சொல்வதாகவும் இல்லை. "எட்டு மாசமுங்க. ஒரே ஊட்டுக்குள்ள." சென்னியப்பன் என்னவோ சொல்லத் தொடங்கினான், மன்னிச்சுக்குங்க அக்கா என்ற வார்த்தைதான் வந்தது, அவள் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. நோட்டிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்தாள். "இது எங்களுக்கு. கம்பெனிக்கு ஒண்ணு எழுதுங்க. இதையேதான், ஒரு வார்த்தை கொறைக்காம." அவன் தாளை வாங்கினான். முக்காலியில் உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, அனுப்புநர் என்று எழுதித் தன் பெயரை எழுதினான், பெறுநர் என்று எழுதிவிட்டு யாருக்கு என்று யோசித்தான், மேனேஜருக்கா, அவருக்கும் மேலேயா, மேலே என்று முடிவு செய்தான். நாளைக்குக் காலையில் ஷோரூமில் அவன் மேஜை காலியாக இருப்பது கண்ணில் தெரிந்தது, எழுதிக்கொண்டே போனான். பாதித் தாளுக்கு வந்தபோது சாலையில் சத்தம் கேட்டது, தூரத்தில், பிறகு பக்கத்தில். நாச்சிமுத்து வாசலில் ஏற்றி நிறுத்தினார். தலைமுடி காற்றில் கலைந்திருந்தது. "ஓடைப் பாலம் வரைக்கும் போனேன்" என்றார் மனைவியிடம், "நிறுத்திப் பாத்தேன். கிளப்புனேன். எடுத்துக்குச்சு." ருக்மணியக்கா நிலைக்கதவை விட்டுவிட்டு அவரை நோக்கி வாசலில் இறங்கினாள், வலது காலை இழுத்து இழுத்து நான்கைந்து எட்டு வைத்தாள், நாச்சிமுத்து அவள் வந்து சேரும் வரைக்கும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "மணி பன்னெண்டாச்சு, வாங்க, சாப்பிடலாம்" என்றாள். அது கணவனுக்கு. இரண்டு பேரும் உள்ளே போனார்கள். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. சென்னியப்பன் வாசலில் உட்கார்ந்து, அவர் நேரில் கேட்டபோதும் பொய் சொன்னேன் என்ற வரியை எழுதிக்கொண்டிருந்தான்.